பிளாஸ்டிக் கவசம்: உட்கார முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. எங்கே வெட்டுவது?

கவசக்காரன்:

வணக்கம் நண்பர்களே. 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்து, வேடம் போடுவதற்காக வீட்டிலேயே செய்த கவசம் இது. மார்பு, முதுகு, வயிறு, தோள், மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் தனித்தனித் துண்டு. கண்ணாடி முன்னால் நேராக நின்றால் பிரமாதமாக இருக்கிறது, அசைந்தால்தான் தொல்லை. உட்கார்ந்தால் மார்புத்தகடு மேலே ஏறித் தொண்டையில் குத்துகிறது. கையைத் தூக்கினால் மொத்தக் கவசமும் கூடவே எழும்புகிறது. கொஞ்சம் நடந்தாலே தொடைத்துண்டு வழுக்கிக்கொண்டு முழங்காலில் வந்து நிற்கிறது. முழங்கையை மடக்கினால் முன்கைத்துண்டின் விளிம்பு தோலைக் கவ்வுகிறது. ஒரு விழாவில் நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் எவ்வளவு வெட்டலாம் என்று சொல்லுங்கள், கத்தரிக்கோல் தயாராக இருக்கிறது.

பழங்கவசம்:

கத்தரிக்கோலை ஓரமாக வையுங்கள் தம்பி. நீங்கள் சொன்ன நான்கு தொல்லையில் மூன்று, பட்டையைக் கட்டியிருக்கும் இடத்தால் வருபவை. அளவால் வருவது முழங்கை ஒன்றுதான். கவசம் உடம்பில் எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்பது முடிவாகாமல் வெட்டினால், நாளைக்குப் பட்டையை இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டும்போது நீங்கள் வெட்டிய வளைவு மூட்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்கும். அதனால் பட்டை முதலில், அசைத்துப் பார்ப்பது அடுத்து, வெட்டுவது கடைசி. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இரும்புக் கவசத்தைப் பாருங்கள், முழு உடம்புக்குமானது 20 முதல் 25 கிலோ இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறினார்கள், ஓடினார்கள், விழுந்து எழுந்தார்கள். காரணம், மார்புத்தகடு இடுப்பின் இயல்பான மடிப்போடு நின்றுவிடும். பக்கவாட்டில் குனிந்தால் மடிப்பு விழுகிறதே, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, அந்தக் கோடு. அதற்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் வளையத் தகடுகள்தான். கெட்டியான எந்தத் தகடும் உடம்பு மடியும் கோட்டைத் தாண்டாது, தாண்ட வேண்டிய இடத்தில் தகட்டை இரண்டாக்கி ஒன்றை மற்றொன்றுக்குள் நுழைய விடுவார்கள். உடையாகப் போடும் கவசம் செய்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து மார்புத்தகட்டை நீளமாகச் செய்துவிடுகிறோம். நிற்கும்போது அது தெரியாது. உட்காரும்போது தொடை அதைக் கீழிருந்து தள்ளும், போக வேறு இடமில்லாமல் அது தொண்டைக்கு வரும்.

உங்களுடையதில் வயிறும் மார்பும் தனித்தனி என்கிறீர்கள், அது நல்லது. இரண்டையும் எப்படி இணைத்திருக்கிறீர்கள்?

ஊசிநூல்:

அதோடு இன்னொரு கேள்வி. அளவு பார்த்தது எந்த உடுப்பின் மேல்? உள்ளே போடும் கறுப்புச் சட்டை, கால்சட்டை, அந்த பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதானே? பூட்ஸின் மேல்விளிம்பு கெண்டைக்கால் துண்டைத் தூக்கிவிடும், அது தொடைத்துண்டை முட்டும். பனியனோடு வெறுங்காலில் பார்த்த அளவு செல்லாது தம்பி.

கவசக்காரன்:

உள்ளுடுப்பும் பூட்ஸும் போட்டுத்தான் பார்த்தேன் அக்கா. மார்பும் வயிறும் அசையாமல் இருக்கட்டும் என்று உள்பக்கம் ஏபிஎஸ் துண்டு வைத்து ஒட்டியிருக்கிறேன் அண்ணா. தோள்துண்டு முன்னால் மார்போடும் பின்னால் முதுகோடும் பட்டை போட்டிருக்கிறது. தொடைத்துண்டுக்குப் பட்டை கிடையாது, உள்ளே ஃபோம் வைத்து இறுக்கமாக இருக்கும்படி செய்திருக்கிறேன்.

பழங்கவசம்:

சரி, இப்போது படம் முழுதாகக் கிடைத்துவிட்டது. உடம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

மார்பையும் வயிற்றையும் பிரித்துவிடுங்கள். வயிற்றுத்தகட்டின் மேல்விளிம்பு மார்புத்தகட்டுக்குள் ஒரு 30 அல்லது 40 மி.மீ. போய் ஒளிந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைப்பது எலாஸ்டிக் மட்டுமே. நிற்கும்போது எலாஸ்டிக் இழுத்து இடைவெளியை மூடும், உட்காரும்போது வயிற்றுத்தகடு உள்ளே வழுக்கி ஏறும், மார்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தொண்டையில் குத்துவது இதோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதன் பிறகும் குத்தினால் கழுத்து விளிம்பைக் குறைக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

அடுத்து மார்பையும் முதுகையும் தோளில் சேர்க்கும் பட்டை. இது எங்கே உட்காருகிறது என்பதில்தான் கை தூக்குவதன் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது கை மட்டும் போவதில்லை, காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேர்ந்தே எழும்பும். தோளின் நுனிப்பக்கம் நிறைய நகரும், கழுத்தை ஒட்டிய பக்கம் கொஞ்சம்தான் நகரும். அதனால் பட்டை கழுத்தின் அடிக்கு அருகில் உட்கார வேண்டும். தோள் நுனியில் உட்கார்ந்த பட்டை கையோடு சேர்ந்து எழும்பி மொத்தக் கவசத்தையும் தூக்கும். நீங்கள் சொல்லும் தொல்லை அச்சு அசல் இதுதான்.

தோள்துண்டுக்கு மேலே ஒரே ஒரு தொங்குபிடி போதும், அந்தக் கழுத்தோரப் பட்டையிலிருந்தே. கீழே மேல்கையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் வளையம். முன்னாலும் பின்னாலும் கட்டினால் தோள்துண்டு ஒரு பாலம் மாதிரி நின்று கையை மார்போடு பூட்டிவிடும்.

இவ்வளவையும் முடித்த பிறகு இரண்டு கையாலும் உங்களையே கட்டிக்கொள்ளுங்கள். அப்போது அக்குளுக்கு முன்னால் மார்புத்தகட்டின் மூலை புஜத்தில் பதியும். அங்கே வெட்டலாம், தாராளமாகவே வெட்டலாம். நாம் செய்யும் வேலையெல்லாம் கையை முன்னால் கொண்டுவந்துதான், பின்னால் கொண்டுபோவது குறைவு. ஆகவே முன்பக்கக் கைக்குழி ஆழமாகவும் பின்பக்கம் அதைவிட ஆழம் குறைவாகவும் இருக்கட்டும். தோள்துண்டு அந்த வெட்டை மறைத்துவிடும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

ஊசிநூல்:

பட்டை விஷயத்தில் நான் சேர்க்க வேண்டியது இருக்கிறது. எலாஸ்டிக், எலாஸ்டிக் என்று எல்லோரும் எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். எலாஸ்டிக்கால் எடை தாங்க முடியாது. காலையில் சரியாக நின்ற கவசம் மதியத்துக்குள் இறங்கிப்போவது அதனால்தான், வேர்வையும் எடையும் சேர்ந்து அதை நீட்டிவிடும். தோளிலிருந்து மார்பு முதுகைத் தாங்கும் பட்டை, இடுப்பிலிருந்து தொடையைத் தாங்கும் பட்டை, இவை நைலான் நாடாவாகவே இருக்க வேண்டும். தோளுக்கு 50 மி.மீ. அகலம், மற்ற இடத்துக்கு 25 மி.மீ. போதும். அகலம் குறைந்தால் தோலில் பதிந்து வெட்டும். வயிற்றை மார்போடு இழுப்பது, பக்கவாட்டில் முன்னையும் பின்னையும் நெருக்குவது, கையைச் சுற்றி வரும் வளையம், இங்கெல்லாம்தான் எலாஸ்டிக்.

பட்டையை நேராகத் தகட்டில் ஒட்டாதீர்கள். ஒரு சின்ன நைலான் துண்டில் பிரஸ் பட்டனின் ஒரு பாதியைப் பொருத்தி, அந்தத் துண்டைத் தகட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். பட்டையின் நுனியில் மறுபாதி. பட்டை தளர்ந்தாலோ கிழிந்தாலோ அதை மட்டும் மாற்றலாம், துவைக்கலாம். முதல் தடவை பொருத்திப் பார்க்கும்போது பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ வைத்துத் தைத்துக்கொண்டால் நீளத்தை ஏற்றி இறக்கி முடிவு செய்யலாம். நீளம் நிலைத்த பிறகு பட்டனுக்கு மாறுங்கள். கடைசிவரை வெல்க்ரோவே இருக்கட்டும் என்று விட்டால் அது உள்ளுடுப்பைப் பிராண்டிப் பஞ்சாக்கிவிடும்.

தொடைத்துண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோம் வைத்து இறுக்கி நிறுத்தும் வழி நடக்காது தம்பி. தொடை மேலே பருமன், கீழே ஒல்லி. எவ்வளவு இறுக்கினாலும் நடக்க நடக்க அது கீழேதான் போகும், அதற்குள் ரத்த ஓட்டம் வேறு கெடும். உள்ளுடுப்பின் மேல், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உட்காரும்படி அகலமான ஒரு பெல்ட் கட்டுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு தொடைக்கும் இரண்டு நாடா: ஒன்று முன்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். பின்பக்கம் வேண்டாம், உட்காரும்போது அது முறுக்கிக்கொண்டு இழுக்கும். உள்ளே இருக்கும் ஃபோமைப் பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். துண்டு தொடையைச் சுற்றிக் கொஞ்சம் தளர்வாகவே தொங்கட்டும்.

சூடுகாற்று:

அக்கா சொன்ன பட்டை ஏற்பாட்டுக்கு நூறு சதவீதம் சம்மதம். வெட்டும் விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முழங்காலுக்குப் பின்னால்தான் கவசக் கடி, அதாவது விளிம்புகள் தோலைக் கவ்வுவது, மோசமாக இருக்கும். காலை மடக்கும்போது தொடைச் சதையும் கெண்டைச் சதையும் பிதுங்கி ஒன்றையொன்று நெருக்கும், நடுவில் இரண்டு பிளாஸ்டிக் விளிம்பு. தொடைத்துண்டின் கீழ்விளிம்பைப் பின்பக்கம் மட்டும் வில் மாதிரி மேல்நோக்கி வளைத்து வெட்டுங்கள், கெண்டைக்கால் துண்டின் மேல்விளிம்பைப் பின்பக்கம் கீழ்நோக்கி. முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம், பார்வையில் படுவது அதுதான். தொடையின் மேல்விளிம்பில் உள்பக்கம், அதாவது கவட்டை ஓரம், சாய்வாக இறக்கி வெட்டினால் நடக்கும்போது இரண்டு தொடையும் உரசாது. முழங்கைக்கும் இதே கணக்குதான்: முன்கைத்துண்டின் மேல்விளிம்பில் மடிப்பு விழும் பக்கம் மட்டும் ஒரு குழிவு. வெளிப்பக்கம் உயரமாகவே இருக்கலாம்.

எவ்வளவு என்று கேட்டால் எண் சொல்ல மாட்டேன், உடம்புக்கு உடம்பு மாறும். விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு மெதுவாக மடக்குங்கள், எங்கே தோலைத் தொடுகிறதோ அங்கே பென்சிலால் கோடு. கோட்டிலிருந்து விளிம்புப் பக்கம் 3 மி.மீ. விட்டு வெட்டி மறுபடி மடக்கிப் பாருங்கள். அப்புறம் இன்னொரு 3 மி.மீ. பொறுமை வேண்டும்.

உள்மூலை கூராக இருக்கவே கூடாது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மூலை வரும் இடத்தில் முதலில் 6 மி.மீ. துளை போட்டுவிட்டு அந்தத் துளை வரைக்கும் வெட்டினால் மூலை தானாகவே உருண்டையாகிவிடும். வளைந்த அலகுள்ள பிளாஸ்டிக் கத்தரிக்கோல் ஏபிஎஸ்ஸை நன்றாக வெட்டும். வெட்டிய விளிம்பை 220 எண் உப்புத்தாளில் தேய்த்து, அப்புறம் அதைவிட நைசான 400 எண் தாளில். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தோலைத் தொடும் விளிம்புக்கு யூ வடிவ ரப்பர் பட்டை மாட்டலாம், ஆனால் தேய்க்காத விளிம்பின் மேல் மாட்டினால் ரப்பரை அது உள்ளிருந்தே அறுத்துவிடும்.

சில இடத்தில் வெட்டவே தேவையில்லை. விளிம்பைச் சூடாக்கி வெளிப்பக்கம் லேசாக மலர்த்திவிட்டால் கடிக்காது, பலமும் கூடும். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைத்துச் செய்தால் நிமிடத்தில் வேலை முடியும்.

ஊசிநூல்:

ஹீட் கன்னைப் புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. 2 மி.மீ. தகட்டில் ஒரு கண்சிமிட்டல் கூடுதலாகப் பிடித்தால் அலையலையாக நெளிந்துவிடும், மினுமினுப்பும் போய்விடும். வெந்நீர் போதுமே.

சூடுகாற்று:

வெந்நீர் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஒத்துவராது, அதனால்தான் சொன்னேன். ஏபிஎஸ் இளகுவது 105 டிகிரி செல்சியஸ் பக்கம், தண்ணீர் 100இல் கொதித்துவிடும். ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: கொதிநீரில் விளிம்பை அமிழ்த்தி வைத்தால் ஏபிஎஸ் முழுதாக இளகாது, வளைக்கும் அளவுக்கு மட்டும் இணங்கும். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்துப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டினால் வளைவு தங்கிவிடும். கெண்டைக்கால் துண்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைச் சுருட்டிச் சரிசெய்ய இதைவிடப் பத்திரமான வழி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டைரீன் வகைத் தகடு இன்னும் சீக்கிரம் இளகும், அங்கே கொதிநீரையே கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். பிவிசி போர்டு சுமார் 80இல் இளகும், அதை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலை அரிக்கும். மூடிய அறையில் செய்யவே கூடாது.

எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் உடம்பில் மாட்டிக்கொண்டு சூடாக்காதீர்கள். அச்சுக்கு ஒரு பாட்டிலோ குழாயோ வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கை வைத்து அச்சடித்த கவசம், முன்கைத்துண்டு ரொம்ப இறுக்கம். மறுபடி அச்சடிக்காமல் அகலப்படுத்த முடியுமா?

சூடுகாற்று:

முடியும். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகிவிடும். சூடான நீரில் காட்டிக் கொஞ்சம் விரிக்கலாம், ஆனால் சுவர் மெல்லியதாக இருந்தால் கோணிக்கொள்ளும். அதைவிட நல்லது, உள்பக்கமாக நீளவாக்கில் அறுத்து வாய் திறந்துவிட்டு, திறந்த இடத்தின் குறுக்கே எலாஸ்டிக் கட்டுவது. கை வீங்கினாலும் இடம் கொடுக்கும், போட்டுக் கழற்றுவதும் சுலபம். அந்தப் பிளவு உள்ளங்கைப் பக்கம் உடம்பை நோக்கி இருப்பதால் யார் கண்ணிலும் படாது. இன்னொன்று, வெயிலில் நிற்கும் காருக்குள் பிஎல்ஏ கவசத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும்போது வேறு வடிவத்தில் இருக்கும். அடுத்த தடவை பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கைப் போட்டுப் பாருங்கள், அது 80 வரை தாங்கும்.

பழங்கவசம்:

தகட்டுக் கவசத்துக்கும் இதே மாதிரி வழி இருக்கிறது. கை, கால் துண்டு இறுக்கமாக இருந்தால் அதன் பின்பக்க இணைப்பைத் திறந்து, இரண்டு விளிம்புக்கும் இடையே இடைவெளி விட்டு, உள்பக்கம் ஒரு அகலமான ஏபிஎஸ் பட்டையை வைத்து ஒட்டுங்கள், வெளியே இடைவெளியை மறைக்கும் மூடுபட்டை வரட்டும். தளர்வாக இருந்தால் அதே பின்பக்க இணைப்பில் குறையுங்கள். முன்பக்க இணைப்பு நடுவில் நேராக நின்றால்தான் கண்ணுக்கு அழகு, ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் எப்போதும் பின்பக்கத்தில். தகட்டுக்கும் உள்ளுடுப்புக்கும் நடுவில் விரல் நுழையும் இடம் சுற்றிலும் இருக்கட்டும். உட்கார்ந்தால், சாப்பிட்டால் உடம்பின் சுற்றளவு கூடும், காலையில் கச்சிதமாக இருந்தது மாலையில் நெருக்கும்.

இதனால்தான் ஒட்டும்போது ஈ6000 மாதிரி ரப்பர்த் தன்மையுள்ள பசையைச் சொல்கிறேன். அது முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் எடுக்கும், காத்திருக்க வேண்டும்தான். ஆனால் தேவைப்பட்டால் இழுத்துப் பிரிக்கலாம், அசைவுக்கு வளைந்தும் கொடுக்கும். உடனடிப் பசை கெட்டியாக இறுகி, வளையும் இடத்தில் பட்டென்று விட்டுவிடும். அசிட்டோனில் ஏபிஎஸ் துருவலைக் கரைத்த குழம்பு இரண்டு துண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக உருக்கிச் சேர்த்துவிடும், அதைப் பிரிக்க வழியே கிடையாது. போட்டு நடந்து பார்த்து எல்லாம் முடிந்த பிறகு, பலப்படுத்த வேண்டிய இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் திறந்திருக்கும் அறையில் ஹீட் கன்னை இயக்கவே கூடாது, அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

ஊசிநூல்:

கவசத்துக்குள் காற்றே போகாது என்பதையும் மறக்காதீர்கள். ஃபோமை உள்ளே முழுக்க ஒட்டினால் கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடும். கவசம் உடம்பில் சாயும் இடங்களான தோள், மேல்முதுகு, விலாப்பக்கம் இவற்றில் மட்டும் 10 மி.மீ. ஃபோம் துண்டுகள், நடுவில் காற்றுப் போக வழி. பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துக் கனத்துத் தோலை உரசும், விளையாட்டு வீரர்கள் போடும் ஒட்டிய பாலியஸ்டர் உடுப்பு நல்லது. தலைக்கவசத்தை இடையிடையே கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

உங்களோடு வருபவருக்கு எந்தப் பட்டனை எடுத்தால் மார்பும் முதுகும் கழலும் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மயக்கமாக வந்தால் உங்களால் கழற்ற முடியாது, அவர்தான் சட்டென்று கழற்ற வேண்டும். ஒரு பக்கத்திலாவது பக்கிள் வெளியிலிருந்து கைக்கு எட்டும்படி இருக்கட்டும். இதை அலங்காரத்துக்காக விட்டுக்கொடுக்கவே கூடாது.

கவசக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமாக நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். மார்பையும் வயிற்றையும் பிரித்து எலாஸ்டிக் போட்டதும் தொண்டையில் குத்துவது சுத்தமாக நின்றுவிட்டது, கழுத்து விளிம்பில் கைவைக்கவே தேவைப்படவில்லை. தோளில் வரும் பட்டையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தினேன், இப்போது கையைத் தூக்கினால் கை மட்டும்தான் எழும்புகிறது. தொடைக்கு இடுப்பு பெல்ட், முன்னும் வெளியும் நாடா. மாடிப்படி ஏற முடிகிறது, நாற்காலியில் உட்கார முடிகிறது, கீழே விழுந்த பேனாவை ஒரு முழங்கால் போட்டு எடுக்க முடிகிறது. கடைசியில் வெட்டியது முன்பக்கக் கைக்குழி, முழங்கை, முழங்காலுக்குப் பின்னால், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது இரண்டு. வயிறு மார்புக்குள் வழுக்கும்போது கீச்சுகீச்சென்று சத்தம் வருகிறது. இடது தொடைத்துண்டின் கீழே பின்பக்க வளைவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிகிறது.

சூடுகாற்று:

சத்தத்துக்கு: மார்புத்தகட்டின் உள்பக்கம் உரசும் கோட்டில் மெல்லிய கம்பளித் துணிப் பட்டை ஒட்டுங்கள், அதன் பின்பக்கத்தில் பசையோடே கிடைக்கும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் நேரடியாகத் தொடாவிட்டால் சத்தம் வராது. எண்ணெய் தடவ வேண்டாம், சில எண்ணெய்கள் பட்டால் ஏபிஎஸ் விரிசல் விடும், போதாததற்குத் தூசியும் ஒட்டும்.

விரிசலை இன்றைக்கே கவனியுங்கள், நடக்க நடக்க நீளும். அதன் நுனி எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுனிக்குச் சரியாக 2 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் அங்கேயே நின்றுவிடும். உள்பக்கம் மிச்சமிருக்கும் ஏபிஎஸ்ஸில் ஒரு பட்டை வெட்டி, விரிசலுக்குக் குறுக்காக, அசிட்டோன் குழம்பு வைத்து ஒட்டுங்கள். இங்கே பிரிக்க வேண்டிய தேவை வராது, அதனால் அதுவே சரி. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வெளிப்பக்கத் துளையையும் அதே குழம்பால் அடைத்துத் தேய்த்துவிடுங்கள்.

பழங்கவசம்:

வலது தொடைக்கும் அதே இடத்தில் இப்போதே ஒரு பட்டை வைத்துவிடுங்கள் தம்பி. இரண்டையும் ஒரே அச்சில் இழுத்திருப்பீர்கள், அந்த வளைவில் தகடு மெலிந்திருக்கும். சூடாக்கி இழுக்கும்போது ஆழமாகப் போகும் இடம் மெலிவது இயல்பு. விளக்கை உள்ளே வைத்துப் பாருங்கள், வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் இடமெல்லாம் உள்ளிருந்து பலப்படுத்த வேண்டிய இடம்.

கவசக்காரன்:

விளக்கு வைத்துப் பார்த்தேன் அண்ணா. வலது தொடையில் அதே இடம் மெலிவாகத்தான் இருக்கிறது, இரண்டு கெண்டைக்கால் துண்டின் மேல்மூலையும் அப்படியே. நாலுக்கும் பட்டை வெட்டி வைத்துவிட்டேன், இன்று இரவு ஒட்டுகிறேன்.